நாலு மணி நேரம் அறுந்துபோகாத லைன்

சுத்துதா தம்பி? சுத்தட்டும் விடுங்க. போனை அந்தப் பக்கம் தூக்கிப் புடிச்சாலும் சரி, இந்தப் பக்கம் தூக்கிப் புடிச்சாலும் சரி, அது சுத்திக்கிட்டேதான் இருக்கும். இந்த எடம் அப்படி. மானாமதுரையைத் தாண்டிட்டா கொஞ்ச தூரத்துக்கு ஒண்ணும் எடுக்காது.

ஒங்க மூஞ்சி எனக்குச் சரியாத் தெரியல, தப்பா நெனைக்காதீங்க. மதுரையில கண்ணுக்கு மருந்து ஊத்தி அனுப்பியிருக்காங்க. நீங்க உச்சுக் கொட்டுன சத்தத்தை வச்சுத்தான் நெட்டு எடுக்கலன்னு கண்டுபுடிச்சேன். எல்லாரும் ஒரே மாதிரிதான் உச்சுக் கொட்டுறாங்க. நானும் ஒரு காலத்துல கொட்டுனவன்தான்.

இப்படி இந்தத் திட்டுல உக்காருங்க. டயர் மாத்த அரை மணி நேரம் ஆகும்னு கண்டக்டர் சொல்றாரு. அவரு சொல்ற அரை மணிய நீங்க முக்கா மணின்னு எடுத்துக்கங்க.

என்னது, செட்டிங்ஸுக்குள்ள போறீங்களா? அய்யய்யோ, வேண்டாம் தம்பி. அதுக்குள்ள போனவன் லேசுல வெளிய வர மாட்டான். நான் நாலு வருஷம் அதுக்குள்ளதான் கெடந்தேன். பரமக்குடியில எங்க தெருவுல போயி பூமிநாதன் வீடு எதுன்னு கேட்டுப் பாருங்க. வழி சொல்லுவாங்க. ஆனா சொல்லும்போது மூஞ்சிய ஒரு மாதிரி வச்சுக்கிட்டுச் சொல்லுவாங்க. இருபத்து மூணு வருஷமாச்சு, அந்தத் தெருவுல என்கிட்ட யாரும் மனசு விட்டுப் பேசுறதில்ல. தண்ணி வந்துருச்சா, கரண்டு எப்ப வரும், அம்புட்டுதான் பேச்சு. காரணம் என்னன்னா ஒரு போன் கால். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்திருக்க வேண்டிய போன். வரல. வராததுக்கு நான்தான் காரணமாம். நீங்க வெளியாளு, நியாயமாச் சொல்லுவீங்க. கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.

நான் ஹைஸ்கூல்ல லேப் அசிஸ்டென்டா இருந்தேன். பிசிக்ஸ் லேப். எல்லாரும் சார்னுதான் கூப்பிடுவாங்க. ஆனா வாத்தியாருங்க ரூம்ல எனக்குன்னு ஒரு நாற்காலி கெடையாது. ஸ்டூல்தான். ரெண்டாயிரத்துல ஸ்கூலுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்துச்சு. அட்டைப் பெட்டியைப் பிரிச்சது நான், வயரு மாட்டுனது நான், ஸ்விட்ச் போட்டது நான். பொறுப்பை யாருகிட்ட குடுத்தாரு எச்.எம்? கணக்கு வாத்தியாருகிட்ட. அந்தாளுக்கு மவுஸை எந்தப் பக்கம் புடிக்கணும்னு தெரியாது. 'பூமிநாதன், நீங்க கூட இருந்து தூசி தட்டிப் பாத்துக்கங்க'ன்னாரு எச்.எம். தூசி தட்ட!

அந்த வருசமே நான் சொந்தமா ஒரு கம்ப்யூட்டர் வாங்கிட்டேன். மோடமும் வாங்குனேன். எங்க தெருவுல நெட்டு வச்சிருந்த மொத ஆளு நான்தான். மோடம்னா ஒங்களுக்குத் தெரியாதுல்ல? அது ஒரு சின்னப் பெட்டி. போன் லைனுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவுல இருக்கும். நெட்டுக்குப் போகணும்னா அது போன் நம்பரைச் சுத்தும், கீ...ன்னு கத்தும், கர்ர்ருன்னு உறுமும். எங்க வீட்ல, அரசி, முழுப்பேரு மங்கையர்க்கரசி, அது கத்துனாலே ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு 'யாரையோ கழுத்தை நெரிக்கிறாங்க'ன்னு சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிருவா. அந்தச் சத்தம் நின்னா நெட்டு கெடைச்சிருச்சுன்னு அர்த்தம். என்ன ஸ்பீடுல கெடைச்சுதுன்னு ஸ்கிரீன்ல காட்டும். ஐம்பத்தாறாயிரம் வரைக்கும் போகும்னு மோடம் பெட்டியில போட்டிருந்தான். எனக்கு வந்தது இருபத்தெட்டாயிரத்து எண்ணூறு. பாதி! பெட்டியில ஒண்ணைப் போட்டுட்டு பாதியைக் குடுத்தா மனுசனுக்குக் கோவம் வருமா வராதா?

அப்ப புடிச்ச கிறுக்குதான் தம்பி. செட்டிங்ஸை ஒவ்வொண்ணா மாத்த ஆரம்பிச்சேன். நான் லேப்காரன், கண்டபடி மாத்த மாட்டேன். பசங்க பிராக்டிகலுக்கு எழுதுற ரெக்கார்டு நோட்டு ஒண்ணு எடுத்தேன். ஒவ்வொரு நாளும் ஒரு சோதனை. நோக்கம், தேவையான கருவிகள், செய்முறை, முடிவு. 'நோக்கம்: இணைப்பின் வேகத்தைக் கூட்டுதல்.' தெனமும் அதே நோக்கம்தான். நெட்வொர்க்குன்னு ஒரு பக்கம் இருக்கும், அதுல தேவையில்லாம நாலஞ்சு சங்கதி சும்மா உக்காந்திருக்கும். அதையெல்லாம் தூக்குனேன். முடிவு: இருபத்தெட்டாயிரத்து எண்ணூறு. சரி. அப்புறம், நெட்டுல வர்றது எல்லாம் பொட்டலம் பொட்டலமாத்தான் வரும். ஒரு பொட்டலம் எம்புட்டுப் பெருசுன்னு ஒரு எண்ணு இருக்கும், ஆயிரத்து ஐநூறுன்னு. நம்ம லைனு இருக்கற லட்சணத்துக்கு அம்புட்டுப் பெரிய பொட்டலம் பாதி வழியில கிழிஞ்சு போகும், மறுபடியும் மொதல்ல இருந்து வரும். அதை ஐநூத்து எழுபத்தாறுன்னு கொறைச்சேன். படங்க சீக்கிரமா வந்துச்சு தம்பி! அரசியைக் கூப்பிட்டுக் காட்டுனேன். 'முன்ன கால்மணி நேரம், இப்ப பத்து நிமிஷம்'னேன். 'எதுக்கு?'ன்னு கேட்டா. எதுக்குன்னா? என்ன கேள்வி அது.

சரி, விஷயத்துக்கு வர்றேன். எங்க வீட்டுப் பின்கட்டுல தவமணின்னு ஒரு பொண்ணு குடியிருந்துச்சு. புருஷன் காளீஸ்வரன் குவைத்துல. பெரிய பெரிய கட்டடத்துக்குச் சாரம் கட்டுற வேலை. வளைகாப்பு முடிஞ்ச கையோட கெளம்பிப் போனவன். நாகஜோதின்னு பொம்பளப் புள்ள பொறந்துச்சு, புள்ளைக்கு மூணு வயசும் ஆயிப்போச்சு, அப்பன் மூஞ்சிய நேர்ல பாத்ததே இல்ல. வெறும் போன்தான். அவங்களுக்குன்னு போன் ஏது? எங்க வீட்டு நம்பர்தான் அவங்களுக்கு பி.பி. நம்பர். இதுவும் ஒங்களுக்குத் தெரியாதோ? அப்பல்லாம் போன் இல்லாதவங்க பக்கத்து வீட்டு நம்பரைக் குடுத்து, பின்னால பி.பி.ன்னு போட்டுக்குவாங்க. அந்த நம்பருக்கு அடிச்சா அந்த வீட்டுக்காரங்க கூப்பிட்டு விடுவாங்க. உரிமையெல்லாம் ஒண்ணும் இல்ல, ஒரு ஒத்தாசை. எங்க நம்பர் அஞ்சு வீட்டுக்கு பி.பி.யா இருந்துச்சு.

குவைத்துல வெள்ளிக்கிழமை லீவு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சரியா அஞ்சு மணிக்கு அவன் அடிப்பான். நாலே முக்காலுக்கெல்லாம் தவமணி புள்ளைக்குத் தலை சீவி, பூ வச்சு, மூஞ்சி பூரா பவுடர் அப்பிக் கூட்டிக்கிட்டு வந்துரும். 'ஏம்மா, போன்ல பேசுறதுக்கு யாராச்சும் பவுடர் போடுவாங்களா?'ன்னு நான் கேலி பண்ணுவேன். 'அப்பா பாப்பாரு'ன்னு புள்ள சொல்லும். ரிசீவரை ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு, அதுக்குள்ளயே போயிடுற மாதிரி காதை அழுத்தி வச்சுக்கும். ஆறு நிமிஷம், ஏழு நிமிஷம். போன் கார்டுல காசு தீந்துரும். வச்சிருவான். அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் அந்த ஏழு நிமிஷத்தையே தாயும் மகளும் பேசிக்கிட்டு இருக்கும்.

எனக்குப் பாவமா இருந்துச்சு தம்பி. நிசமாத்தான் சொல்றேன். என்னைக் கல் நெஞ்சுக்காரன்னு பேசுறாங்கள்ல, நான் பாவம்னு நெனச்சுத்தான் எல்லாத்தையும் ஆரம்பிச்சேன். நெட்டு வழியா குரல்லயே பேசலாம். மைக்கும் ஹெட்போனும் இருந்தாப் போதும். அவன் அங்க ஒரு பிரவுசிங் சென்டருக்கு வந்துட்டா ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம் பேசலாம். தவமணிகிட்ட சொன்னேன். 'அண்ணே, போனே நல்லாத்தானே இருக்கு'ன்னு இழுத்துச்சு. 'ஏழு நிமிஷம் ஒரு பேச்சா தாயி? நீ அவன்கிட்ட சொல்லு, மத்ததை நான் பாத்துக்கிறேன்'னேன். வாடகைக்கு விட்ட வீட்டுக்காரன் சொல்றான்னு தலையாட்டிருச்சு.

குரல் போகணும்னா லைனு நல்லா இருக்கணும். அறுந்து அறுந்து போச்சுன்னா பேச முடியாது. ரெண்டு வாரம் உக்காந்தேன். ஹால்ல ஒரு போனும் என் ரூம்ல ஒரு போனும் இருந்துச்சு. ரெண்டுக்கும் ஒரே வயரு, அதுல இரைச்சல் வரும். ஹால் போனைக் கழட்டிட்டேன். பழைய வயரைப் பிடுங்கிட்டு வாசல்ல இருந்து என் ரூமுக்குப் புது வயரு இழுத்தேன், ஒட்டுப் போடாம, ஒரே வயரு. முடிவு: நாப்பத்தி நாலாயிரம். அடுத்தது, கால் வெயிட்டிங். நாம லைன்ல இருக்கும்போது வேற யாராச்சும் அடிச்சா உள்ள ஒரு பீப் கேக்கும்ல? அந்த பீப்புக்கே மோடம் மெரண்டு போய் நெட்டை அறுத்துரும். மாமியா வீட்ல இருந்து அடிச்சாலும் அறும், ராங் நம்பர் அடிச்சாலும் அறும். டயல் பண்ற எடத்துல ஒரு கட்டம் இருக்கும், அதுல ஒரு டிக் போட்டு ஒரு கோடு நம்பர் குடுத்தோம்னா நெட்டுல இருக்கற வரைக்கும் அந்த பீப்பே வராது. வெளிய இருந்து அடிக்கிறவங்களுக்கு என்கேஜ்டுன்னு போயிரும். போட்டேன். அறுந்துபோறது அன்னையோட நின்னுச்சு. அரை நிமிஷ வேலை, ஒரே ஒரு டிக்.

மொத வெள்ளிக்கிழமை வந்தான். பிரவுசிங் சென்டருக்கு ரொம்ப தூரம் நடந்து வந்திருக்கான். நமக்கு அஞ்சு மணின்னா அவனுக்கு மத்தியானம் ரெண்டரை, அந்த ஊரு வெயிலு. 'ஹலோ, கேக்குதா?'ன்னான். 'கேக்குது, கேக்குது'ன்னா இவ. அது அவனுக்குப் போய்ச் சேர அரை நிமிஷம். அதுக்குள்ள அவன் மறுபடி 'ஹலோ, கேக்குதா?'ன்னான். நாப்பது நிமிஷம் தம்பி. நாப்பது நிமிஷமும் கேக்குதா கேக்குதாதான். புள்ளைக்கு ஹெட்போனை மாட்டி விட்டோம். கொஞ்ச நேரம் கேட்டுச்சு. பிடுங்கிப் போட்டுட்டு, 'இது அப்பா இல்ல'ன்னு அழுதுச்சு. தூக்கவே முடியல, அப்படி ஒரு அழுகை. அரசி என்னை ஒரு பார்வை பாத்தா. நான் பொட்டலத்தோட அளவை மாத்தலாமான்னு யோசிச்சுக்கிட்டு இருந்தேன்.

ரெண்டாவது வெள்ளிக்கிழமை கொஞ்சம் பரவால்ல. நாலு வார்த்தை முழுசா வந்துச்சு. சாப்பிட்டியா, ஊர்ல மழையா, அந்த மாதிரி. பேசி முடிச்சதும் தவமணி எங்கிட்ட, 'அண்ணே, அடுத்த வாரத்துல இருந்து பழையபடி போன்லயே பேசிக்கிறோமே'ன்னுச்சு. 'இன்னும் ஒரு வாரம், ஒரே ஒரு வாரம் பாரு'ன்னேன். அவனுக்கும் நானே டைப் பண்ணிட்டேன், அடுத்த வெள்ளி இதே நேரம் வரவும்னு.

மூணாவது வெள்ளிக்கிழமை. அன்னைக்கு ஸ்கூலுக்கு அரை நாள் லீவு போட்டேன். ரெண்டரை மணிக்கு நெட்டைப் போட்டேன். எம்புட்டு வந்துச்சு தெரியுமா? நாப்பத்தி ஒம்பதாயிரத்து முன்னூத்து முப்பத்து மூணு! பரமக்குடியில, அந்தக் காலத்துக் கம்பியில! யாருகிட்டயாவது சொல்லணும் போல இருந்துச்சு. கணக்கு வாத்தியாருகிட்ட சொல்லணும் போல இருந்துச்சு. விடக் கூடாது, அவன் வர்ற வரைக்கும் இதை அறுத்துவிடவே கூடாதுன்னு உக்காந்துட்டேன்.

நாலே முக்காலுக்குத் தாயும் புள்ளையும் வந்தாங்க. பூ, பவுடரு. அஞ்சு ஆச்சு, அவன் நெட்டுக்கு வரல. அஞ்சேகால், வரல. புள்ள வாசப்படியில உக்காந்து கொட்டாவி விட்டுச்சு. அரசி வந்து, 'வெள்ளிக்கிழமைங்க. ஒருவேளை போன்ல அடிச்சாலும் அடிப்பாரு. கொஞ்ச நேரம் நெட்டை அமத்தி வைங்களேன்'னா. 'ஒனக்கு என்ன தெரியும்? சும்மா இரு'ன்னேன். ரொம்ப நேரம் கழிச்சுத் தவமணி எந்திரிச்சு வந்துச்சு. என் நாற்காலிக்குப் பின்னால நின்னுக்கிட்டு, 'அண்ணே, ஒரு அஞ்சு நிமிஷம் போனைச் சும்மா வச்சுப் பாப்பமா?'ன்னு கேட்டுச்சு.

நான் இருக்கறதைத்தான் சொன்னேன். 'தாயி, இப்ப அறுத்துவிட்டா மறுபடி இந்த ஸ்பீடு கெடைக்காது. ஒனக்காகத்தானே இம்புட்டும்.'

'சரிண்ணே'ன்னுச்சு. போய் மறுபடி உக்காந்துக்கிச்சு.

சரின்னுதானே சொன்னா? இல்லண்ணே, அமத்துங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அமத்தியிருக்க மாட்டேனா? ஆனா அரசி என்ன சொல்றான்னா, அவ எப்படிங்க சொல்லுவா, நம்ம போனு, நம்ம வீடு, பின்கட்டுல இருக்கறவ எந்த வாயால சொல்லுவாங்கிறா. நான் என்ன அவளை அப்படியா நடத்துனேன்? கூடப் பொறந்தவ மாதிரிதான் நடத்துனேன்.

ஆறு நாப்பது வரைக்கும் வச்சிருந்தேன். அவன் வரவே இல்ல. ரெக்கார்டுல எழுதுனேன். 'முடிவு: 49,333. இணைப்பு நேரம்: நாலு மணி பத்து நிமிடம். துண்டிப்பு இல்லை.' அடியில செவப்பு மையில கோடு போட்டேன். அதுக்கு மேல ஒரு சோதனை யாராலயும் செய்ய முடியாது தம்பி, அந்த லைன்ல.

பன்னெண்டு நாள் கழிச்சுக் கடுதாசி வந்துச்சு. தவமணி அதைப் பின்கட்டுலயே படிச்சிருக்கு. அப்புறம் எடுத்துக்கிட்டு வந்து அரசி கையில குடுத்துச்சு. அரசி சத்தமாப் படிச்சா. நான் கேக்கணும்னேதான் சத்தமாப் படிச்சா.

அவன் வேலை செஞ்ச கம்பெனி கைமாறிருச்சாம். புதுசா வந்தவன் எல்லாரையும் நிக்க வச்சு, ஊருக்குப் போறவங்க இந்த மாசமே போகலாம், டிக்கெட் தர்றேன், இருக்கறவங்க இன்னும் மூணு வருசத்துக்குக் கையெழுத்துப் போடணும், நடுவுல லீவு கெடையாது, சனிக்கிழமை காலையில பதில் வேணும்னு சொல்லிட்டானாம். இவன் எழுதியிருக்கான்: 'உன்னைக் கேட்டுத்தான் முடிவு பண்ணனும்னு இருந்தேன். வரவா, இருக்கவா, இதுதான் கேட்க வேண்டியது. இதை அந்த கம்ப்யூட்டரில் கேக்குதா கேக்குதா என்று கேட்க முடியாது என்று போனுக்கு வந்தேன். பூத்தில் வரிசையில் நின்று நின்று முப்பத்தொரு தடவை அடித்தேன். எல்லாத் தடவையும் என்கேஜ்டு. நம்ம ஊர் நேரத்துக்கு ஆறு மணி வரைக்கும் அடித்தேன். பின்னால் இருந்தவர்கள் சத்தம் போட்டார்கள். சாமிக்கே இஷ்டமில்லை போல என்று நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டேன். பாப்பா பவுடர் போட்டுக்கொண்டு வந்தாளா?'

அரசி படிச்சு முடிச்சுட்டுக் கடுதாசியை மடிச்சுக் குடுத்தா. தவமணி என்னைப் பாத்து ஒரே ஒரு வார்த்தை சொன்னா. திட்டல, சத்தம் போடல. 'வாங்கன்னு சொல்லியிருப்பேன்ணே'ன்னா. அம்புட்டுதான். போயிட்டா.

இப்ப நீங்க சொல்லுங்க. முப்பத்தொரு தடவை பூத்துல நின்னவன், பிரவுசிங் சென்டருக்குப் போய் ஒரு மெயில் போட்டிருக்கலாம்ல? நான் நெட்டுலதானே உக்காந்திருந்தேன்? நாலு மணி பத்து நிமிஷம், ஒரு தடவை கூட அறுந்துபோகாம! ஒரே ஒரு மெயில். போட்ட அடுத்த நிமிஷம் எனக்கு வந்திருக்கும், நாப்பத்தி ஒம்பதாயிரத்துல. இதைத்தான் நான் தெரு பூராவும் கேட்டேன். அவனவன் வேலையைப் பாக்கப் போயிட்டான். அரசி மட்டும், 'அந்த டிக்கு மட்டும் இல்லாம இருந்தா மொத தடவையே நெட்டு அறுந்து போனு மணி அடிச்சிருக்கும், இல்லீங்க?'ன்னு கேட்டா. எதைப் பத்தியும் கேக்காதவ, அதை மட்டும் எப்படிப் புரிஞ்சுக்கிட்டான்னு தெரியல. ஆமான்னேன். டெக்னிக்கலா ஆமாதான்.

கொஞ்ச நாள் கழிச்சு ரெக்கார்டு நோட்டைத் தொறந்து பாத்தா, அந்த வெள்ளிக்கிழமைப் பக்கத்துல, முடிவுக்குக் கீழ, பென்சில்ல முப்பத்தொண்ணுன்னு எழுதியிருக்கு. அரசி கையெழுத்து. ரெக்கார்டு நோட்டுல போயி கிறுக்கலாமா தம்பி? அழிச்சுப் பாத்தேன். அழுத்தி எழுதிட்டா, தடம் போகல.

தவமணி பி.பி. நம்பரை மாத்திக்கிச்சு. எதுத்தாப்புல தெய்வேந்திரன் மளிகைக் கடையில அப்ப போன் வந்திருந்துச்சு. வீட்டைக் காலி பண்ணல, எங்க போகும்? எங்க பின்கட்டுலயேதான் இருந்துச்சு. வெள்ளிக்கிழமை நாலே முக்காலுக்குப் புள்ளைக்குப் பூ வச்சு, பவுடர் போட்டு, என் வாசலைத் தாண்டி எதுத்த கடைக்குக் கூட்டிக்கிட்டுப் போகும். என் ரூம் ஜன்னல்ல இருந்து பாத்தா கடைப் போனு நேராத் தெரியும். அரிசி மூட்டை மேல ஏறி உக்காந்து, ரெண்டு கையாலயும் ரிசீவரைப் புடிச்சுக்கிட்டுப் பேசும் அந்தப் புள்ள. மழைக் காலத்துல நனைஞ்சுக்கிட்டுப் போவாங்க. 'நம்ம போனு சும்மாதானே இருக்கு, வரச் சொல்லு'ன்னு அரசிகிட்ட சொல்லி விட்டேன். 'நீங்களே போய்ச் சொல்லுங்க'ன்னா. நான் போகல. அப்படியே ஒவ்வொரு வீடா நம்பரை மாத்திக்கிட்டாங்க. பி.பி.ன்னு யாரும் வர்றதில்ல. போனு மணியே அடிக்காது. நெட்டு அறுந்துபோறதுக்கு வழியே இல்லாமப் போச்சு, அதுவும் ஒரு வசதிதான்னு நெனச்சுக்கிட்டேன். அப்படித்தான் நெனச்சேன் தம்பி, மறைச்சு என்ன ஆகப் போகுது.

மூணு வருஷம் முடிஞ்சு அவன் வந்தான். ஆளு பாதியா எளச்சு, கறுத்துப் போயி வந்திருந்தான். புள்ளைக்கு ஆறு வயசு. வந்தவனைப் பாத்துட்டு ஆத்தா முந்தானைக்குப் பின்னால போனதுதான், வெளிய வரல. பொம்மை குடுத்தான், சாக்லேட்டு குடுத்தான், வாங்கிக்கிச்சு, பக்கத்துல மட்டும் போகல. 'அவரு எப்பம்மா போவாரு?'ன்னு கேட்டுச்சாம். அரசி வந்து சொன்னா. சொல்லிட்டு அடுப்படியில போய் அழுதா. நான் கம்ப்யூட்டர் முன்னால உக்காந்திருந்தேன்.

அவன் வந்து நாலாவது நாள் வெள்ளிக்கிழமை. நான் ஜன்னல் பக்கமா உக்காந்து மோடத்துக்குப் புது டிரைவர் ஒண்ணு டவுன்லோடு போட்டிருந்தேன். அதைப் போட்டா இன்னும் கொஞ்சம் ஸ்பீடு ஏறும்னு போட்டிருந்தான். ரெண்டு மணி நேரமா எறங்குது. தொண்ணூத்தி மூணு பர்சென்ட் ஆயிருச்சு. நிமிர்ந்து பாத்தா, தெருவுல அந்தப் புள்ள தனியாப் போகுது. தானே தலை சீவி, தானே பவுடர் போட்டிருக்கு, காதுல பாதி, கழுத்துல பாதி. நேராக் கடைக்குப் போச்சு. அரிசி மூட்டை மேல ஏறி உக்காந்து போனையே பாத்துக்கிட்டு இருக்கு. அஞ்சு மணி. அப்பா போனு பண்ணுவாருன்னு.

அப்பன்காரன் பின்கட்டுல இருக்கான் தம்பி! இது கடையில போய் அவனுக்குக் காத்துக்கிட்டு உக்காந்திருக்கு.

அடுத்த நிமிஷம் அவன் என் ரூம் வாசல்ல நிக்கிறான். காளீஸ்வரன். புள்ளையைத் தேடிக்கிட்டு வந்தவன் கடையில பாத்திருக்கான், மூச்சு வாங்குது. வந்து நாலு நாள்ல என் மூஞ்சியப் பாத்து அவன் ஒரு வார்த்தை பேசல, நானும் பேசல. இப்ப வந்து, 'சார், ஒரு போன் பண்ணிக்கட்டுமா? கடை நம்பருக்குத்தான்'ன்னான். கையக் கட்டிக்கிட்டுக் கேட்டான் சார்ன்னு. அவன் கடுதாசியில எழுதுனது அம்புட்டும் எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்னு அவனுக்கும் தெரியும். அப்படியும் கையக் கட்டிக்கிட்டு நின்னான். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல அசிங்கமா இருந்துச்சு.

அறுத்துவிட்டேன். தொண்ணூத்தி மூணுல அறுத்துவிட்டேன். அந்தக் கம்ப்யூட்டரை வாங்குன நாள்ல இருந்து ஒருத்தருக்காக நானா நெட்டை அறுத்தது அன்னைக்குத்தான்.

அவன் நம்பரைச் சுத்துனான். எதுத்தாப்புல கடையில மணி அடிக்கிற சத்தம் எங்களுக்கே கேக்குது. தெய்வேந்திரன் எடுக்கப் போனாரு, புள்ள அவரு கையத் தட்டி விட்டுட்டு அதுவே எடுத்துச்சு. ரெண்டு கையாலயும் காதுல வச்சு அழுத்திக்கிச்சு. இவன், 'ஜோதி, அப்பா பேசுறேன்'ன்னான். 'அப்பா!'ன்னுச்சு பாருங்க... போன்லயும் கேட்டுச்சு, தெருவுலயும் கேட்டுச்சு. 'ஏம்ப்பா நேத்தே பண்ணல? நம்ம வீட்டுக்கு ஒருத்தரு வந்திருக்காருப்பா. எனக்குப் பயமா இருக்கு'ன்னுச்சு. அவன் சுவத்துப் பக்கமாத் திரும்பிக்கிட்டான். 'அவரு நல்லவருதான்டா. ஒண்ணும் பண்ண மாட்டாரு. அப்பா சொல்றேன்ல, அவரு பக்கத்துல போ'ன்னான். குரல் ஒடையாம சொன்னான். நான் வெளிய போயிருக்கணும், போகல.

ஏழு நிமிஷம்தான் பேசுனான். பழக்கம். வச்சுட்டு, ரிசீவரைச் சட்டையில தொடைச்சு வச்சான். என்னைப் பாத்து, 'லைனு ரொம்பத் தெளிவா இருக்கு சார். ஒரு கரகரப்பு இல்ல'ன்னான்.

நான் இழுத்த வயரு தம்பி அது. ஒட்டே இல்லாம, ஒரே வயரு. அதை நல்லா இருக்குன்னு சொன்னவன் இந்த ஒலகத்துல அவன் ஒருத்தன்தான்.

அந்தா விசில் அடிச்சிட்டாரு. வாங்க, ஏறுவோம். அந்தக் கம்பியைக் கொஞ்சம் காட்டுங்க, படி தெரியல. ஒங்ககிட்ட நியாயம் கேட்டேன்ல, அவன் ஒரு மெயில் போட்டிருக்கலாம்லன்னு... இல்ல தம்பி. வேண்டாம். நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். ஏறுங்க.